குளத்து மீனில் மஞ்சள் புழு: தடை வேண்டாம், விளக்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் பக்கத்தில் வந்த கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் படுவான்கரைக் குளங்களில் பிடிபடும் மீனில் மஞ்சள் நிறப் புழு இருக்கிறதாம், அதைத் தின்றால் புற்றுநோய் வருமாம், ஆகவே குளத்து மீன் விற்பனையை உடனே தடைசெய்யவேண்டுமாம். குளங்களுக்கு மருந்து ஊற்ற வேண்டும், கொக்குகளைச் சுட வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. எழுதியவர் பயத்தில் எழுதியிருக்கிறார் என்று எனக்கு விளங்குகிறது. அவர் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தக் கடிதமும், அதற்கு முன் ஆளுக்காள் கைத்தொலைபேசியில் அனுப்பிய ஒரு வீடியோவும் சேர்ந்து எங்கள் ஊரில் என்ன செய்தன என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டுக்குப் பதினான்கு வருசமாக மீன் கொண்டுவரும் ஒரு தங்கச்சி இருக்கிறாள். புருசன் இல்லை. விடியப்புறம் உன்னிச்சைக் குளத்துப் பக்கம் போய்த் தோணிக்காரரிடம் மீன் வாங்கி, சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக விற்பாள். இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. போன புதன்கிழமை பெட்டி நிறைய மீனோடு வந்து எங்கள் வாசலில் இருந்துவிட்டாள். பதினெட்டுக் கிலோ, ஒரு கிலோகூடப் போகவில்லை. முதல்நாள் வாங்கிய ஒரு வீட்டார் வெட்டிய மீனைக் கொண்டுவந்து அவளுடைய காலடியில் கொட்டிவிட்டுப் போனார்களாம். “புள்ளையளுக்கு நஞ்சு விக்கிறியா” என்று கேட்டார்களாம். அடுத்த நாள் வந்து, “அண்ணன், எல்லாத்தையும் வளவுக்குள்ள தாட்டுட்டன்” என்றாள். அழவில்லை. பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பதாக மட்டும் சொன்னாள்.

அந்தப் பதினெட்டுக் கிலோவில் இரண்டு மீனை நான் புதன்கிழமையே கேட்டு வாங்கி வைத்திருந்தேன். நான் ஆசிரியர் இல்லை. மட்டக்களப்பில் ஒரு பாடசாலையில் 31 ஆண்டுகள் ஆய்வுகூட உதவியாளராக வேலை செய்து ஓய்வுபெற்றவன். தவளையும் கரப்பானும் வெட்டுவதற்கு மேசை ஆயத்தம் செய்தே காலம் போனது. அதனால் புழு என்றால் ஒதுங்கிப் போகும் பழக்கம் எனக்கு வரவில்லை.

குசினியில் வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் பலகையைப் போட்டுத் திலாப்பியா ஒன்றின் தோலை உரித்தேன். செவுளுக்குப் பின்னால், பக்கச் செட்டை ஒட்டியிருக்கும் இடத்தில், தசைக்குள் பதிந்தபடி நாலு மஞ்சள் மணிகள். ஒவ்வொன்றும் அவித்த பாசிப்பயறு அளவுக்கும் சற்றுக் குறைவு. கொழுப்புக் கட்டி என்றுதான் முதலில் யாரும் நினைப்பார்கள். ஊசி முனையால் ஒன்றைச் சுற்றிக் கிளறி எடுத்து, வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் உப்புத்தண்ணீர் விட்டுப் போட்டு, மேல் தோலை மெதுவாகக் கீறினேன். உள்ளே மடிந்து கிடந்தது வெளியே வந்தது. நாக்கைப் போன்ற வடிவம், தட்டையான உடம்பு. கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு முன்பக்கத்தை நூல் மாதிரி நீட்டியது, சுருக்கியது, திரும்பவும் நீட்டியது. வாயைச் சுற்றி ஒரு வளையம், உடம்பின் நடுவயிற்றில் இன்னொரு வட்டம். அந்த வட்டத்தால் தட்டைப் பிடித்துக்கொண்டு தலையை அங்குமிங்கும் ஆட்டித் தேடியது. மனைவி பின்னால் நின்று பார்த்துவிட்டு, “இஞ்ச, இதத்தானா நாங்க இவ்வளவு காலமும் திண்ட?” என்றாள். ஆம், இதைத்தான் தின்றிருப்போம். கறிச்சட்டியில் கொதித்துச் செத்த பிறகு.

இந்தப் புழுவுக்கு உயிரியலில் கிளினோஸ்டோமம் என்று பெயர். தட்டைப்புழு இனம். உலகத்தில் கொக்கும் நத்தையும் நன்னீர் மீனும் சேர்ந்து வாழும் இடங்களில் பரவலாக இருக்கிறது. நேற்று யாரோ கொண்டுவந்து குளத்தில் விட்டதில்லை, உரத்தாலோ தீனியாலோ உண்டானதும் இல்லை. திலாப்பியாவை இலங்கைக்குக் கொண்டுவந்தது 1952 இல். அதற்கு முன்பும் எங்கள் குளங்களில் விராலும் பனையானும் கெண்டையும் இருந்தன, கொக்கும் இருந்தது, நத்தையும் இருந்தது.

அது மீனுக்குள் எப்படி வந்தது என்பதை நான் முதன்முதலில் விளங்கிக்கொண்டது புத்தகத்தில் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மின்கம்பியில் அடிபட்டுச் செத்த கொக்கு இனத்தைச் சேர்ந்த ஒரு பெரிய சாம்பல் நாரையை உயர்தர மாணவர் ஒருவர் சாக்கில் சுற்றிப் பாடசாலைக்குக் கொண்டுவந்தார். உயிரியல் ஆசிரியர் அதன் அலகைப் பிளந்து பிடித்துக்கொண்டு என்னை விளக்கைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னார். தொண்டையின் உட்சுவரில் குட்டி அட்டைகள் மாதிரி ஏழெட்டு ஒட்டிக்கொண்டிருந்தன. இடுக்கியால் இழுத்தால் தோலும் சேர்ந்து வந்தது, அவ்வளவு பிடி. “இதுதான் வளர்ந்த புழு. இதன் குஞ்சுதான் மீனில் இருக்கிற மஞ்சள் மணி” என்றார். வயிற்றில் இல்லாமல் வாயிலும் தொண்டையிலும் ஏன் குடியிருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டாள். கொக்கு மீனைக் கொத்த அலகைத் தண்ணீருக்குள் விடும்போதெல்லாம் முட்டை தண்ணீருக்குள் கழுவுப்பட்டுப் போகும் என்றார் ஆசிரியர். அந்தப் பதில் இன்றுவரை என் மனதில் இருக்கிறது.

முட்டையிலிருந்து வெளிவருவது கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னஞ்சிறு நீந்தும் உயிர். அதன் ஆயுள் சில மணித்தியாலங்கள்தான். அதற்குள் தனக்கேற்ற நத்தையைக் கண்டுபிடித்து உள்ளே நுழைய வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும். எல்லா நத்தையும் சரிவராது. வாய்க்கால் ஓரத்திலும் ஆற்றுவாழை இலைகளின் அடியிலும் ஒட்டியிருக்குமே, ஓடு மெல்லிசாக, வாய்க்கு மூடி இல்லாமல், அடிக்கடி மேலே வந்து காற்றெடுக்கும் சின்ன நத்தை, லிம்னியா என்பார்கள், அந்த மாதிரி இனங்கள்தான் வேண்டும். நத்தையின் உடம்புக்குள் போனபிறகு அந்த ஒன்று பலவாகப் பெருகுகிறது. ஒரு முட்டைக்கு ஒரு புழு என்ற கணக்கு அங்கே உடைந்துபோகிறது. ஒரு நத்தையிலிருந்து கிழமைக்கணக்கில் ஆயிரக்கணக்கான வாலுள்ள குஞ்சுகள் வெளிவரும். கொக்கின் வாயிலிருந்து விழும் முட்டைகளில் பெரும்பகுதி வீணாகிப் போனாலும் இந்தப் புழு அழியாமல் இருப்பதற்கு நத்தைக்குள் நடக்கும் இந்தப் பெருக்கந்தான் காரணம்.

வெள்ளிக்கிழமை பேரனையும் கூட்டிக்கொண்டு வயல் வாய்க்காலுக்குப் போய் இருபது நத்தை பொறுக்கினோம். கழுவிய ஜாம் போத்தல்களில் கிணற்றுத் தண்ணீர் விட்டு, போத்தலுக்கு இரண்டாகப் போட்டு, இரவு முழுக்க இருட்டில் வைத்தோம். காலையில் வெயில் படும் திண்ணையில் வைத்து, பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துப் பார்த்தோம். எட்டுப் போத்தலில் ஒன்றுமில்லை. இரண்டில் தண்ணீருக்குள் தூசி தொங்குவது போலிருந்தது. தூசி என்றால் கீழே படியும். இவை கொஞ்சம் இறங்கும், வெடுக்கென்று துடித்து மேலே ஏறும், அசையாமல் நிற்கும், பிறகு இறங்கும். பேரன் கண்ணை எடுக்கவில்லை. நத்தைக்குள்ளிருந்து வேறு தட்டைப்புழுக்களின் குஞ்சுகளும் இப்படித்தான் வெளிவரும், ஆகவே இவை அத்தனையும் நம்முடைய மஞ்சள் புழுதான் என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் வெளிவரும் விதம் இதுதான். மீன் ஒன்று பக்கத்தில் வந்தால் அதன் தோலைத் துளைத்து நுழைந்து வாலைக் கழற்றிவிட்டுத் தசைக்குள் போய்ச் சுருண்டுகொள்ளும். மீனின் உடம்பு அதைச் சுற்றி ஒரு உறை கட்டுகிறது. அந்த உறையைத்தான் நாங்கள் மஞ்சள் மணியாகக் காண்கிறோம்.

அப்புறம் அது காத்திருக்கும். மாதக்கணக்கில், சிலவேளை வருசக்கணக்கில். மீனுக்குள் அது முட்டையிடாது, இன்னொரு மீனுக்குத் தொற்றாது. புழுவுள்ள மீனும் புழுவில்லாத மீனும் ஒரே பெட்டியில் கிடந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், “உன்ர பெட்டியே தொற்றுப் பிடிச்ச பெட்டி” என்று அந்தத் தங்கச்சியிடம் ஒருவர் சொல்லியிருக்கிறார். கொக்கு அந்த மீனை விழுங்கினால்தான் கதை நகரும். கொக்கின் இரைப்பையில் உறை கரையும். புழு அங்கே நிற்காமல் உணவுக்குழாய் வழியே மேலேறித் தொண்டையில் ஒட்டி, சில நாட்களுக்குள் முட்டையிடத் தொடங்கும். பீங்கான் தட்டில் தலையை நீட்டித் தேடிய அந்தப் புழு தேடியது ஒரு கொக்கின் தொண்டையை.

மனிதருக்கு என்ன என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. ஒளிக்காமல் சொல்கிறேன். உயிரோடு இந்தப் புழு உள்ளே போனால் மனிதத் தொண்டையிலும் ஒட்டக்கூடும். ஜப்பானில் 1938 இலேயே அப்படி ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், பிறகு அங்கேயும் கொரியாவிலும் சிலரில் கண்டிருக்கிறார்கள். தொண்டை கரகரப்பு, வலி, இருமல். வைத்தியர் இடுக்கியால் புழுவை எடுத்ததும் குணம். அவர்கள் நன்னீர் மீனைப் பச்சையாகத் தின்றவர்கள். நாங்கள் மீனை மஞ்சளும் தூளும் போட்டுப் புளி ஆணத்தில் கொதிக்கவைத்துத் தின்கிறோம். தசையின் உட்புறம் 63 பாகை செல்சியஸ் சூட்டை எட்டினாலே போதும், புழு செத்துவிடும். கறி கொதிப்பது 100 பாகைக்குக் கிட்ட. ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். குளக்கட்டில் பொடியன்மார் ஓலையைக் கொளுத்தி மீன் சுடுகிறார்கள், தோல் கருகியிருக்கும், முள்ளோரம் பச்சையாக இருக்கும். முள்ளை ஒட்டிய தசை வெள்ளையாகி, விரலால் தொட்டால் கழன்று வரும்வரை சுடச் சொல்லுங்கள்.

புற்றுநோய்க் கதை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். தாய்லாந்தின் வடகிழக்கிலும் லாவோசிலும் வேறொரு தட்டைப்புழு இருக்கிறது, ஒப்பிஸ்தோர்க்கிஸ் என்று பெயர். அதுவும் நத்தையில் தொடங்கி நன்னீர் மீனுக்குள் போகிறது. ஆனால் அதன் உறை வெறுங் கண்ணுக்குத் தெரியாது. அங்கே சிறு மீனைப் பச்சையாகக் கொத்திக் காரம் சேர்த்துச் சாப்பிடும் பழக்கம் உண்டு. புழு ஈரலின் பித்தக் குழாய்க்குள் போய் ஆண்டுக்கணக்கில் கிடந்து பித்தக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்குகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1994 இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் காரணிகளில் முதலாம் பட்டியலில் சேர்த்தது. உண்மையான, கொடுமையான விசயம். யாரோ அந்தச் செய்தியையும் எங்கள் குளத்து மீனின் படத்தையும் ஒன்றாக ஒட்டிவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு புழு, போய்ச் சேரும் இடமும் வேறு.

ஏன் இப்போது அதிகமாகக் காண்கிறோம் என்று கேட்கிறார்கள். ஆவணி புரட்டாசியில் குளங்களைப் போய்ப் பாருங்கள். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டு, மாரி மழை இன்னும் தொடங்காமல், குளம் நடுவில் ஒதுங்கிக் கிடக்கும். மீனும் நத்தையும் ஒரே கலங்கல் தண்ணீருக்குள். கரையெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கொக்கு. மூன்றும் ஒரு முற்றத்துக்குள் வந்துவிட்டால் புழுவுக்கு வழி சுலபம். முகத்துவாரப் பக்கம் வாவியில் உப்பு ஏறிய இடங்களில் இந்த நன்னீர் நத்தை தங்காது. வாவி மீன் வாங்குகிறவர்கள் இதைக் காணாததற்கும், எங்களைப் போலக் குளத்து மீன் தின்கிறவர்கள் காண்பதற்கும் அதுதான் வித்தியாசம். வாவி மீன் சுத்தம், குளத்து மீன் அழுக்கு என்று பேசுவதைக் கேட்கும்போது எனக்கு உண்மையில் வருத்தமாக இருக்கிறது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருந்துகொண்டு படுவான்கரையைப் பற்றிப் பேசும் பேச்சு அதற்குள் இருக்கிறது.

மருந்து ஊற்றச் சொல்கிறவர்களுக்கு: நத்தையைக் கொல்ல மயில்துத்தம் (செப்பு சல்பேற்று) போடலாம் என்பது பழைய யோசனை. நத்தை சாகும் அளவுக்குப் போட்டால் மீன்குஞ்சும் சாகும். அந்தக் குளத்துத் தண்ணீர்தான் வயலுக்குப் போகிறது, மாடு குடிக்கிறது, கிணறுகளுக்கு ஊறுகிறது. உன்னிச்சைக் குளத்திலோ நவகிரிக் குளத்திலோ அதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் கரையில் ஒரு நாள் நின்று யார் யார் அந்தத் தண்ணீரில் இறங்குகிறார்கள் என்று எண்ணட்டும். கொக்கைச் சுடுவது அதைவிட அநியாயம். ஒரு குளத்துக் கொக்கைச் சுட்டால் அடுத்த குளத்துக் கொக்கு வந்து இறங்கும்.

செய்யக்கூடியது நம் கையிலேயே இருக்கிறது. மீன் வெட்டும் இடங்களில் குடலையும் செவுளையும் கழித்த மீனையும் குளக்கட்டிலேயே எறிந்துவிட்டுப் போகிறோம். வலையிலிருந்து கழித்துப் போடும் மீனிலும் மணி இருக்கும். அதைக் கொக்கு பொறுக்குகிறது. அதே தண்ணீரில் நின்று அலகைக் கழுவுகிறது. நாமே விருந்து வைத்துக் கூப்பிடுகிறோம். தோணி கரையேறும் இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டிக் கழிவைப் போட்டு மண் மூடினால் போதும். இதற்குப் பெரிய செலவு இல்லை. இரண்டு மண்வெட்டியும், மீனவர் சங்கத்தில் ஒருவர் பொறுப்பெடுப்பதும்தான். தோணி கட்டும் இடத்தைச் சுற்றி ஆற்றுவாழையை இழுத்துக் கரையில் காயப்போட்டால் நத்தை ஒட்டுவதற்கு இடமும் குறையும். முழுக் குளத்திலும் முடியாது, துறையில் முடியும்.

வாங்குகிறவர்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள், பக்கச் செட்டையின் அடியைப் பாருங்கள், வாயின் உட்புறத்தைப் பாருங்கள். ஒன்றிரண்டு மணி இருந்தால் கத்தி முனையால் எடுத்துவிட்டுச் சமையுங்கள். தசை முழுக்க மஞ்சளாகப் பொட்டுப் பொட்டாக இருந்தால் வேறு மீன் கேளுங்கள், அது உங்கள் உரிமை. விற்கிறவர்கள் மறைக்காமல் தாங்களே காட்டி, அப்படியான மீனைக் கழித்துவிட வேண்டும். அந்தத் தங்கச்சியிடமும் இதைத்தான் சொன்னேன். வீட்டு வாசலில் வைத்து மீனைப் பிளந்து காட்டச் சொன்னேன். “காட்டினா வாங்குவாங்களா, அண்ணன்?” என்று கேட்டாள். நான் பதில் சொல்ல முதல் மனைவி ஒரு கிலோ நிறுக்கச் சொன்னாள். அன்று சனிக்கிழமை, அந்தத் தங்கச்சி பெட்டியில் நாலு கிலோ மட்டும் கொண்டுவந்திருந்தாள். அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் திலாப்பியாக் கறி. பேரன் இரண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்றான். தட்டில் நெளிந்த புழுவை ஊசியால் திருப்பிப் பார்த்தவனும் அவன்தான்.

மீன்பிடித் துறை அதிகாரிகளிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களிடமும் நான் கேட்பது ஒன்றே. ஒரு காலை நேரம் குளக்கரைக்கு வாருங்கள். ஒரு நுணுக்குக்காட்டியைக் கொண்டுவாருங்கள், பாடசாலைகளில் இருக்கிறது, கேட்டால் தருவார்கள். மீனவர்களும் மீன் விற்கும் பெண்களும் ஒவ்வொருவராகக் குனிந்து அந்தப் புழுவைத் தங்கள் கண்ணால் பார்க்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்ததற்கு வாட்ஸ்அப்பில் மறுப்பு அனுப்பி ஆகாது. நத்தை பொறுக்கவும் போத்தல் அடுக்கவும் ஆள் தேவையென்றால் நான் வருகிறேன். எனக்கு 67 வயதாகிறது, கை இன்னும் நடுங்கவில்லை.

ஆசிரியர் அவர்களே, தடை கேட்ட கடிதத்தை நாலாம் பக்கத்தில் மேலே, கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். இதையும் அதே பக்கத்தில் அதே அளவில் போடுங்கள். நீளம் என்றால் என்னைப் பற்றியும் நாரையைப் பற்றியும் உள்ள பகுதிகளை வெட்டுங்கள். சமைத்தால் புழு சாகும், மீனிலிருந்து மீனுக்குத் தொற்றாது, புற்றுநோய்ப் புழு வேறு என்ற மூன்று விசயங்களை மட்டும் வெட்டவேண்டாம். பத்திரிகை நறுக்கைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மீன்பெட்டி மூடியில் ஒட்டிக்கொள்வதாக அந்தத் தங்கச்சி சொல்லியிருக்கிறாள். திங்கட்கிழமை பத்திரிகை வந்ததும் கடையில் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாடசாலை ஆய்வுகூட உதவியாளர்,
படுவான்கரை, மட்டக்களப்பு